உருகுகிற ஐஸ்தான் குளிர்விக்கும்

கோடையில் திடீரென்று விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். ஃபிரிட்ஜில் குளிர்ந்த தண்ணீர் இல்லை. ஃப்ரீசரில் இரண்டு தட்டு ஐஸ் மட்டும் இருக்கிறது. ஒரு லிட்டர் எலுமிச்சை ஜூஸைக் குளிர வைக்க எத்தனை கட்டி போட வேண்டும்? பெரும்பாலான வீடுகளில் இதற்குக் கண்ணளவுதான். போட்டது குறைந்தால் ஜூஸ் வெதுவெதுப்பாக இருக்கும், கூடினால் கடைசி டம்ளரில் ருசியே இருக்காது. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் தெரிந்தால் போதும். அது பிடிபட்டுவிட்டால் மீன் பெட்டி, குல்ஃபிப் பானை, தடுப்பூசிப் பெட்டி, ஊட்டியின் உறைபனி எல்லாம் கூடவே பிடிபடும்.

முதலில் ஒரு சோதனை. ஒரு டம்ளர் நிறைய ஐஸ் போட்டு, கட்டிகள் மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். சமையலறை டிஜிட்டல் தெர்மாமீட்டரை அதில் நுழைத்துக் கலக்குங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அது அவ்வளவு கீழே காட்டாது. எண் இறங்கி இறங்கிப் பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றுவிடும். நிற்காமல் இரண்டு டிகிரி மேலோ கீழோ காட்டினால் கோளாறு தெர்மாமீட்டரில்தான். அதைச் சரிபார்க்கவும் இதுவே நல்ல வழி. இப்போது டம்ளரை வெயிலில் வைத்து, விடாமல் கலக்கிக்கொண்டே பாருங்கள். ஐஸ் மளமளவென்று கரையும், எண் மட்டும் ஏறாது. கடைசிக் கட்டி காணாமல் போகும் தறுவாயில்தான் அசையத் தொடங்கும்.

அத்தனை நேரம் வெயில் கொடுத்த சூடு எங்கே போனது? ஐஸைத் தண்ணீராக்குவதற்கே செலவாகிவிட்டது. இதைத்தான் பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று மனப்பாடம் செய்தோம். ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 1760-களில் இதை அளந்து காட்டினார்.

நமக்கு வேண்டிய எண்கள் இவ்வளவுதான். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வேண்டும். பூஜ்ஜிய டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் ஐஸ், அதே பூஜ்ஜிய டிகிரித் தண்ணீராக மாற 80 கலோரி வேண்டும். வீட்டு ஃப்ரீசரில் ஐஸ் சுமார் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். அங்கிருந்து அது பூஜ்ஜியத்துக்கு ஏறி வர எடுத்துக்கொள்வது வெறும் 9 கலோரி. ஆக ஒரு ஐஸ் கட்டி உறிஞ்சும் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் அதன் 'ஜில்லுக்கு' உரியது. மற்ற ஒன்பது பங்கும் உருகுவதற்கு உரியது. உருகாத ஐஸ் கிட்டத்தட்ட வேலையே செய்யாத ஐஸ்.

ஜூஸ் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீர், 30 டிகிரி. அதை 10 டிகிரிக்குக் கொண்டுவர 20,000 கலோரியை வெளியே எடுக்க வேண்டும். ஃப்ரீசர் ஐஸ் ஒவ்வொரு கிராமும் பூஜ்ஜியத்துக்கு வர 9, உருக 80, உருகிய தண்ணீர் பத்து டிகிரிக்கு ஏற 10 என்று மொத்தம் 99 கலோரி எடுத்துக்கொள்ளும். 100 என்றே வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 200 கிராம் ஐஸ் போதும். ஜாடியும் சூடாக இருக்கும், அறையும் சூடாக இருக்கும் என்பதால் 250 கிராம் வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் தட்டின் ஒரு கட்டி எத்தனை கிராம் என்று தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டால், அதன் பிறகு கட்டிக் கணக்கிலேயே போட்டுவிடலாம்.

ஜூஸ் நீர்த்துப் போகாமல் இருக்க வழி, ஐஸைக் குறைப்பது அல்ல. 800 மில்லி தண்ணீரில் ஒரு லிட்டருக்கான சர்க்கரையையும் எலுமிச்சையையும் கலந்துவிட்டு, மீதி 200 கிராமை ஐஸாகப் போடுங்கள். எல்லாம் உருகி முடிந்ததும் அளவும் சரியாக இருக்கும், குளிர்ச்சியும் பத்து டிகிரிக்குக் கீழே இருக்கும். இதே வேலையை ஐஸ் இல்லாமல், பூஜ்ஜிய டிகிரித் தண்ணீரை ஊற்றிச் செய்ய வேண்டுமானால் இரண்டு லிட்டர் வேண்டும். அதற்குப் பிறகு அதை ஜூஸ் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு பொருளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எஃகு கட்டிகள், கருங்கல் கட்டிகள் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். ஃப்ரீசரில் வைத்துப் பானத்தில் போடலாம், கரையாது, நீர்த்துப் போகாது என்பது விளம்பரம். கரையாது என்பது உண்மை. அதனால்தான் அது உதவாது. மைனஸ் 18 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு ஏறும்போது 100 கிராம் எஃகு எடுத்துக்கொள்வது சுமார் 300 கலோரி. மூன்றே கிராம் ஐஸ் அந்த வேலையைச் செய்துவிடும். உள்ளே உருகக்கூடிய ஜெல் அடைத்த கட்டிகள் இதைவிடத் தேவலாம், ஏனென்றால் அவை உள்ளுக்குள் உருகுகின்றன. வெறும் எஃகுக்கும் கல்லுக்கும் காசு கொடுக்காதீர்கள்.

பாட்டில்களையும் மீனையும் குளிர வைப்பது

கல்யாண வீட்டில் பெரிய டப்பில் ஐஸைக் கொட்டி, மேலே குளிர்பான பாட்டில்களை அடுக்கிவிட்டு, ஒரு மணி நேரமாகியும் குளிரவில்லையே என்று பார்ப்பார்கள். ஐஸ் கட்டி பாட்டிலை அங்கங்கே சில புள்ளிகளில்தான் தொடுகிறது. இடைவெளி முழுவதும் காற்று, காற்று சூட்டைச் சரியாகக் கடத்தாது. டப்பில் பாட்டிலின் கழுத்து வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸ் வீணாகிறதே என்று யாராவது தடுப்பார்கள், காதில் வாங்க வேண்டாம். தண்ணீர் பாட்டிலைச் சுற்றி முழுக்கத் தொடும், அதன் சூட்டை வாங்கி ஐஸிடம் கொடுக்கும். பாட்டில்களை அவ்வப்போது திருப்பிவிட்டால் இன்னும் சீக்கிரம் ஆகும்.

மீன் வியாபாரிகளுக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காசிமேட்டிலும் மற்ற மீன்பிடித் துறைமுகங்களிலும் ஐஸ் பார்களை இயந்திரத்தில் நொறுக்கித்தான் படகில் ஏற்றுகிறார்கள். பொடித்த ஐஸ் மீனின் எல்லாப் பக்கமும் ஒட்டும், உருகும் தண்ணீர் மீன் மேல் வழிந்து அதன் சூட்டை இழுத்துக்கொண்டு இறங்கும். ஒரு கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர சுமார் 300 கிராம் ஐஸ் போதும் என்கிறது நம் கணக்கு. ஆனாலும் நம்மைப் போன்ற வெப்பமான ஊர்களில் மீனுக்குச் சமமான எடை ஐஸ் வேண்டும் என்பதுதான் பொதுவான அறிவுரை. மீதியெல்லாம் பெட்டிச் சுவர் வழியாக உள்ளே வரும் சூட்டைச் சமாளிக்க.

நீங்கள் தொலைவிலிருந்து மீன் வாங்கி வருவதாக இருந்தால் அடியில் ஒரு அடுக்கு ஐஸ், மேலே மீன், அதற்கு மேல் கண்டிப்பாக இன்னொரு அடுக்கு ஐஸ் என்று வையுங்கள். மேல் அடுக்குதான் முக்கியம், குளிர்ந்த தண்ணீர் மேலிருந்து கீழேதான் இறங்கும். உருகிய தண்ணீர் வெளியேற பெட்டியில் வழி இருக்கட்டும். ரத்தம் கலந்த தண்ணீரில் மீன் ஊறக் கூடாது.

உப்பு சேர்த்தால்

ஐஸும் தண்ணீரும் சேர்ந்தால் பூஜ்ஜியத்தோடு நின்றுவிடும். அதற்குக் கீழே போக வேண்டுமென்றால் உப்பு வேண்டும். மூன்று பங்கு நொறுக்கிய ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்று எடையில் கலந்தால், கொள்கைப்படி மைனஸ் 21 டிகிரி வரை இறங்கலாம். வீட்டில் செய்யும்போது மைனஸ் பத்தைத் தாண்டினாலே நல்லது. இரவில் மணியடித்து வரும் குல்ஃபிக்காரரின் பானைக்குள் மின்சாரமே இல்லாமல் பால் உறைந்திருப்பது இதனால்தான்.

உப்பிடம் குளிர்ச்சி எதுவும் இல்லை. உப்பு கலந்த தண்ணீர் பூஜ்ஜியத்தில் உறையாது, அதனால் உப்பு பட்ட ஐஸ் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் உருகிக்கொண்டே போகிறது. உருக ஒவ்வொரு கிராமுக்கும் 80 கலோரி வேண்டுமே, அதை யார் கொடுப்பது? கலவையே கொடுக்கிறது, பக்கத்தில் இருக்கும் பாலும் கொடுக்கிறது. கொடுத்தவை குளிர்ந்துபோகின்றன.

குழந்தைகளோடு செய்து பாருங்கள். காய்ச்சி ஆறிய பாலில் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு, ஒரு டம்ளர் அளவு கனமான ஜிப் பையில் ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடுங்கள். அதைப் பெரிய பைக்குள் வைத்து, சுற்றிலும் ஒரு கிலோ நொறுக்கிய ஐஸும் முன்னூறு கிராம் கல் உப்பும் போட்டு, துண்டில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் குலுக்குங்கள். பால் கெட்டிப்படும். வெறுங்கையால் அந்தப் பையைப் பிடிக்க விடாதீர்கள். மைனஸ் பத்து டிகிரி தோலைச் சீக்கிரமே மரத்துப்போகச் செய்து புண்ணாக்கும். முடிந்ததும் உட்பையின் வெளிப்புறத்தைத் தண்ணீரில் கழுவிவிட்டுத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புக் குல்ஃபிதான்.

குளிர்பான டப்பிலும் ஒரு கை உப்பு போட்டால் வேலை வேகமாக நடக்கும். ஆனால் கண்ணாடி பாட்டில்களை அதில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். தண்ணீர் உறையும்போது சுமார் ஒன்பது சதவீதம் பெருக்கும், கண்ணாடி தாங்காது. ஃப்ரீசரில் வைக்கும் பாட்டிலையும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

அதிகக் குளிர்ச்சி கெடுதலாகும் இடம்

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தடுப்பூசி முகாமுக்குக் கிளம்பும் செவிலியர், ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்குகளை உடனே பெட்டிக்குள் வைப்பதில்லை. மேசை மேல் பரப்பி வைத்துக் காத்திருப்பார். அவ்வப்போது ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் கேட்ட பிறகுதான் அடுக்குவார். தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். அவற்றில் ஹெபடைடிஸ் பி, டிபிடி போன்றவை உறைந்தால் வீணாகிவிடும். ஃப்ரீசரிலிருந்து நேராக வந்த பேக் மைனஸ் 18-ல் இருக்கும், பக்கத்தில் உள்ள மருந்தை உறைய வைத்துவிடும். உருகத் தொடங்கிய பேக் பூஜ்ஜியத்தில் இருக்கும், உள்ளே கடைசி ஐஸ் இருக்கும் வரை அங்கேயே நிற்கும். நம் டம்ளரில் பார்த்த அதே அசையாத எண். உள்ளே தண்ணீர் ஆடுகிறது என்றால் மருந்து உறையும் ஆபத்து நீங்கிவிட்டது என்று பொருள். இவ்வளவு மலிவான, இவ்வளவு நம்பகமான சோதனை வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் பயணத்தில் இதையே பின்பற்ற வேண்டும். ஐஸ் பேக்கைக் குலுக்கிப் பார்த்து, அதற்கும் மருந்துக்கும் நடுவில் ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை உறைந்துபோன இன்சுலினை, உருகித் தெளிவாகத் தெரிந்தாலும், பயன்படுத்தக் கூடாது. வீட்டு ஃபிரிட்ஜிலும் அதை ஃப்ரீசர் பெட்டியை ஒட்டி வைக்காதீர்கள்.

உருகாமல் காப்பது

சென்னை மெரினா எதிரில் விவேகானந்தர் இல்லம் என்று இன்று அறியப்படும் கட்டடம், 1842-ல் ஐஸ் கிடங்காகக் கட்டப்பட்டது. அங்கே வைக்கப்பட்ட ஐஸ் எங்கும் தயாரிக்கப்பட்டதல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்து, கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டது. அனுப்பியவர் ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி. அவருடைய முதல் இந்தியச் சரக்கு 1833-ல் கல்கத்தாவுக்குப் போனது. கிளம்பும்போது சுமார் 180 டன், நான்கு மாதம் கழித்து வந்து சேரும்போது சுமார் 100 டன். நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து வந்த கப்பலில் பாதிக்கு மேல் மிஞ்சியது.

அவர் பயன்படுத்தியது மரத்தூள். ஐஸ் பாளங்களை இடைவெளியில்லாமல் அடுக்கி, சுற்றிலும் மரத்தூளை அடைத்தார். மரத்தூளுக்குள் சிறைப்பட்ட காற்று வெளிச்சூட்டை உள்ளே விடாது. பாளங்கள் பெரியவை, நெருக்கமாக அடுக்கியவை என்பதால் எடையோடு ஒப்பிட்டால் வெளியே தெரியும் பரப்பு குறைவு. நம் ஊரில் ஐஸ் பாரை உமியிலோ மரத்தூளிலோ புதைத்து, மேலே சாக்குப் போட்டு வைப்பதும் இதே முறைதான்.

குழந்தைகளிடம் கேட்டுப் பாருங்கள்: ஒரே அளவு இரண்டு ஐஸ் கட்டிகளில் ஒன்றைக் கம்பளியில் சுற்றிவைத்தால் எது முதலில் உருகும்? கம்பளி சூடு தரும் என்று நினைத்து, சுற்றியதுதான் என்பார்கள். கம்பளி சூடு தருவதில்லை. எந்தப் பக்கம் சூடு இருந்தாலும் அது மறுபக்கம் போவதைத் தாமதப்படுத்துகிறது. செய்து காட்டினால் இந்த ஒன்றை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஐஸ் போட்ட டம்ளரின் வெளியே நீர்த்துளிகள் பூத்து வழியும். காற்றில் இருக்கும் நீராவி குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. அது சும்மா ஆவதில்லை, தண்ணீர் ஆவியாக எவ்வளவு சூடு வாங்கியதோ அவ்வளவையும் திருப்பித் தருகிறது. ஒரு கிராமுக்குச் சுமார் 580 கலோரி. வெளியே ஒரு கிராம் துளி பூத்தால் உள்ளே ஏழு கிராம் ஐஸ் காலி. காற்றில் ஈரம் மிகுந்த சென்னையிலும் தூத்துக்குடியிலும் ஐஸ் சீக்கிரம் தீர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டம்ளரைத் துடைப்பதால் பயனில்லை, திரும்பவும் பூக்கும். இரட்டைச் சுவர் டம்ளர் நல்லது. அது இல்லையென்றால் தடித்த துணி உறையாவது போடுங்கள்.

கரண்ட் போனால்

புயல் வந்தால் கரண்ட் எத்தனை நாள் வராது என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் சில பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. புயல் எச்சரிக்கை வந்ததுமே ஃப்ரீசரில் காலியாக உள்ள இடத்தையெல்லாம் தண்ணீர் பாட்டில்களால் நிரப்பிவிடுங்கள். அவை உறைந்தால் ஒவ்வொரு கிலோவும் 80,000 கலோரியை விழுங்கக் காத்திருக்கும். நிரம்பிய ஃப்ரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் தாங்கும் என்பது பொதுவான கணக்கு.

ஊரில் இல்லாதபோது கரண்ட் போய் வந்ததா என்று அறிய ஒரு நாணயம் போதும். ஒரு கப் தண்ணீரை உறையவைத்து, அதன் மேல் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் நல்லது. அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம், உள்ளே உள்ள இறைச்சியையும் மீனையும் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

ஃப்ரீசர் பற்றி இன்னொன்று: வெந்நீர் பச்சைத் தண்ணீரைவிடச் சீக்கிரம் உறையும் என்று ஒரு பேச்சு உண்டு. தான்சானியாவில் 1963-ல் பள்ளி மாணவராக இருந்த எராஸ்டோ எம்பெம்பா ஐஸ்கிரீம் செய்யும்போது இதைக் கவனித்ததாகச் சொன்னார், 1969-ல் கட்டுரையாகவும் வந்தது. 2016-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் கவனமாக அளந்து பார்த்து, அப்படி ஒரு விளைவுக்கு ஆதாரமில்லை என்றார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. வீட்டுக்கு இதில் ஒரே பாடம்: சூடானதை ஃப்ரீசரில் வைத்தால் பக்கத்தில் உள்ளவை உருகும், வைக்க வேண்டாம்.

ஊட்டியின் உறைபனி

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஊட்டியில் தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற இடங்களில் விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். கார் கூரையைச் சுரண்டினால் ஐஸ் துகள் உதிரும். ஆனால் அன்றைய குறைந்தபட்ச வெப்பநிலை என்று செய்தியில் வருவது இரண்டு, மூன்று டிகிரி. பூஜ்ஜியத்துக்கு மேலே இருக்கும்போது ஐஸ் எப்படி?

செய்தியில் வரும் எண், தரைக்கு மேலே சுமார் ஒன்றே கால் மீட்டர் உயரத்தில், நிழல்கூண்டுக்குள் அளந்த காற்றின் வெப்பநிலை. புல்லின் வெப்பநிலை வேறு. மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் தரை தன் சூட்டை வானத்தை நோக்கி வீசிவிடுகிறது, அதைத் திருப்பி அனுப்ப மேகம் இல்லை. புல்நுனி காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்து பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். காற்றின் நீராவி அதன் மேல் நேராக ஐஸாகவே படிகிறது. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தை நோக்கி இறங்கும். அதனால்தான் மேட்டில் இல்லாத உறைபனி பள்ளத்தாக்கில் இருக்கிறது.

ஐஸ் இயந்திரம் இல்லாத காலத்தில் அலகாபாத்தில் இதை வைத்தே ஐஸ் செய்தார்கள். குழிகளில் வைக்கோலும் கரும்புச் சோகையும் பரப்பி, அதன் மேல் ஆழமில்லாத மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைத்தால், தெளிந்த குளிர்கால இரவில் காற்று பூஜ்ஜியத்துக்கு இறங்காமலே தண்ணீர் மேல் ஐஸ் படியும். விடியுமுன் ஆட்கள் அதைத் திரட்டிக் கிடங்கில் சேர்ப்பார்கள். ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேய அதிகாரி 1775-ல் இதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார்.

நீலகிரியிலோ கொடைக்கானலிலோ தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் வழி எளியது: செடிக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு மறைப்பு. சூரியன் மறையுமுன்பே துணியோ வைக்கோலோ போட்டு மூடுங்கள், தரையின் சூடு உள்ளேயே தங்கும். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது, தொடும் இடம் கருகும். மரத்தடியில் உள்ள செடி தப்பிப்பதையும் பக்கத்திலேயே திறந்த வெளியில் உள்ளது கருகுவதையும் பார்த்திருப்பீர்கள்.

தண்ணீர் தெளிப்பது இன்னொரு முறை. உருகும்போது ஐஸ் வாங்கும் அதே 80 கலோரியை, உறையும்போது தண்ணீர் திருப்பித் தர வேண்டும். இலை மேல் தண்ணீர் உறைந்துகொண்டே இருக்கும் வரை இலை பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும், அதற்குக் கீழே போகாது. ஆனால் வெயில் வந்து உருகும் வரை விடாமல் தெளிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகி, தெளிக்காத செடியைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். போதுமான தண்ணீர் இல்லையென்றால் துணியோடு நிறுத்திக்கொள்வது மேல்.

பனிமலைக்குப் போகிறவர்களுக்கு

குல்மார்க், மணாலி பக்கம் சுற்றுலா போகும் நம் ஊர்க்காரர்கள் இப்போது நிறைய. சுவெட்டர் பற்றி எல்லோரும் சொல்வார்கள், அதனால் மற்றவற்றைச் சொல்கிறேன்.

பனி பொழியும்போது கறுப்புச் சால்வையை நீட்டி, விழும் துகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சால்வை வெளியே இருந்து குளிர்ந்திருக்க வேண்டும், அறைச்சூட்டோடு இருந்தால் விழுந்ததும் உருகிவிடும். ஆறு கை உள்ள படிகங்கள் தெரியும். தண்ணீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாக அடுக்கிக்கொள்வதுதான் காரணம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில விவசாயி வில்சன் பென்ட்லி 1885-ல் இதைப் படம் பிடித்தார், பிறகு வாழ்நாள் முழுவதும் ஆயிரக்கணக்கில் எடுத்தார். 1936-ல் ஜப்பானின் உகிச்சிரோ நகாயா ஆய்வகத்திலேயே பனித்துகளை வளர்த்துக் காட்டினார்.

தாகமெடுத்தால் பனியை அள்ளித் தின்னாதீர்கள். ஒரு கிலோ பனியை உருக்கி உடல் சூட்டுக்குக் கொண்டுவர 80-ம் 37-ம் சேர்த்து 117 கிலோகலோரியை உங்கள் உடல் செலவிட வேண்டும். உணவுப் பொட்டலத்தில் கலோரி என்று போடுவது இந்தக் கிலோகலோரியைத்தான். ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பவருக்கு இது ஆபத்து. அடுப்பு இருந்தால் உருக்கிக் குடிக்கலாம், ஆனால் பாத்திரத்தின் அடியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். புதுப்பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. பத்து சென்டிமீட்டர் பனி உருகினால் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர்தான் தேறும். வெறும் பனியைப் போட்டால் அடியில் உருகியதை மேலே உள்ள பனி உறிஞ்சிக்கொண்டு, பாத்திரம் காய்ந்து தீய்ந்துவிடும்.

கறுப்புக் கண்ணாடி அழகுக்கு அல்ல. புதுப்பனி, விழும் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். மதியம் முழுக்க வெறுங்கண்ணோடு சுற்றினால் இரவில் கண்ணில் மணல் விழுந்தது போல எரிச்சலெடுக்கும். குழந்தைகளுக்கும் வாங்கிப் போடுங்கள். காலையில் கறுப்பாக, ஈரமாகத் தெரியும் சாலையில் கால் வைக்குமுன் யோசியுங்கள். அது தண்ணீராக இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஐஸாக இருக்கலாம்.

எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள்

ஐஸ் கட்டியின் நடுவில் வெள்ளையாகத் தெரிவது அழுக்கல்ல. தண்ணீர் வெளியிலிருந்து உள்நோக்கி உறையும்போது கரைந்திருந்த காற்றையும் உப்புகளையும் நடுவுக்குத் தள்ளுகிறது, அவை அங்கே மாட்டிக்கொள்கின்றன. கண்ணாடி போலத் தெளிந்த ஐஸ் சுத்தமானது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. விடாமல் கலக்கிக்கொண்டே உறைய வைத்தால் அழுக்குத் தண்ணீரிலும் தெளிந்த ஐஸ் வரும்.

ஐஸ் ஆனால் கிருமி செத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை, தவறான நம்பிக்கை. டைபாய்டு கிருமியும் மஞ்சள்காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் உறைந்த பிறகும் பிழைத்திருக்கும், உருகியதும் வேலையைக் காட்டும். வீட்டில் காய்ச்சி ஆறிய தண்ணீரை மட்டும் ஐஸ் தட்டில் ஊற்றுங்கள். கரும்புச்சாறு, சர்பத், ரோஸ்மில்க் கடையில் சாக்கில் சுற்றிய பாரை உடைத்துப் போட்டால், அது மீனுக்காகச் செய்த பாராக இருக்கலாம். அந்த இடத்தில் "ஐஸ் வேண்டாம் அண்ணே" என்று சொல்லிக் குடியுங்கள்.